குறுகிய சந்து: அமிர்தசரஸில் நான்கு நாள்

முதல் நாள்: ராம் பாக்கிலிருந்து நடை

அமிர்தசரஸ் வருகிறவர்களில் பெரும்பாலோர் காலையில் பொற்கோயில், அங்கிருந்து சில நிமிட நடையில் ஜாலியன்வாலாபாக், மதியம் குல்ச்சா சாப்பிட்டுவிட்டு வாகா எல்லையில் கொடியிறக்கம் என்று ஒரே நாளில் ஊரை முடித்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் பாக்குக்குக் கிடைப்பது அரை மணி நேரம். சிவப்புத் தூணுக்கு முன்னால் ஒரு படம், கிணற்றை ஒரு எட்டுப் பார்த்தல், அவ்வளவுதான். 1919 ஏப்ரல் 13 மாலை அங்கே கூடியிருந்த மக்களைப் பிரிட்டிஷ் அரசின் படை சுட்டுக் கொன்றது. அது எப்படி நடந்தது என்பதை அந்த அரை மணியில் கண்ணால் பிடிக்க முடியாது. அதனால்தான் இந்தக் குறிப்பை நான்கு நாளாகப் பிரித்திருக்கிறோம். முதல் நாள் பாக்குக்குள் போகவே வேண்டாம்.

வந்து சேரும் வழி. சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் டெல்லியைக் காலையில் தொடும். அதே காலை சதாப்தியைப் பிடித்துவிடலாம் என்று முன்பதிவு செய்யாதீர்கள். வண்டி ஒரு மணி நேரம் தாமதித்தாலே கை நழுவிவிடும். மாலை சதாப்தி இருக்கிறது, டெல்லியிலிருந்து சுமார் ஆறு மணி நேரம். டிசம்பர் பின்பாதியும் ஜனவரியும் மூடுபனிக் காலம். ரயில், விமானம் இரண்டுமே மணிக்கணக்கில் தாமதமாகும், சில நாள் ரத்தும் ஆகும். பிப்ரவரி, மார்ச், அக்டோபர், நவம்பர் நல்ல மாதங்கள். ஏப்ரல் 13 அன்றே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அஞ்சலி செலுத்த அது சரியான நாள். இடத்தை நின்று நிதானமாகப் பார்க்க அது சரிவராது: வைசாகி அறுவடைத் திருநாள் கூட்டம், தலைவர்கள் வருகைக்கான தடுப்புகள், வெயில் மூன்றும் சேர்ந்துவிடும்.

நடையை ராம் பாக்கில் தொடங்குங்கள். ரஞ்சித் சிங் அமைத்த தோட்டம், நடுவில் அவருடைய கோடைக்கால மாளிகை. ஊரில் கம்பெனி பாக் என்றும் சொல்வார்கள், ஆட்டோக்காரருக்கு இரண்டு பெயருமே புரியும். 1919 ஏப்ரலில், சுட உத்தரவிட்ட ஜெனரல் டயர் படையோடு தங்கியிருந்தது இங்கேதான். 13ஆம் தேதி மாலை இங்கிருந்துதான் புறப்பட்டார், சுட்டு முடித்ததும் இங்கேயே திரும்பினார். இங்கிருந்து ஜாலியன்வாலாபாக் வரை நிதானமாக நடந்தால் முக்கால் மணி நேரம்.

வழியில் முதலில் வருவது ரயில் பாதை. அமிர்தசரஸை இரண்டாகப் பிரிப்பது இதுதான். ஒரு பக்கம் வெள்ளைக்காரர்களின் பங்களாக்கள் இருந்த சிவில் லைன்ஸ், மறுபக்கம் பழைய நகரம். நடுவே மேம்பாலம்; இன்று பண்டாரி பாலம் இருக்கும் பகுதி. கதை உண்மையில் இந்தப் பாலத்தில் தொடங்குகிறது. விசாரணையின்றிச் சிறையிலடைக்க வழிசெய்த ரௌலட் சட்டத்தை எதிர்த்து மார்ச் 30, ஏப்ரல் 6 இரண்டு நாளும் ஊரில் முழுக் கடையடைப்பு, ஒரு கல் கூட விழவில்லை. ஏப்ரல் 9 ராமநவமி ஊர்வலத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே குவளையில் தண்ணீர் குடித்தார்கள். நிர்வாகத்தை மிரளவைத்தது அந்தக் குவளைதான். மறுநாள் காலை பாரிஸ்டர் சைபுதீன் கிச்லுவையும் டாக்டர் சத்தியபாலையும் துணை ஆணையர் மைல்ஸ் இர்விங் தன் பங்களாவுக்கு வரச்சொல்லி, அங்கிருந்தே மலையூரான தர்மசாலாவுக்குக் கொண்டுபோய்விட்டார். அவர்களை விடுவிக்கக் கேட்டு பங்களாவை நோக்கிப் போன கூட்டத்தைத் தடுத்துச் சுட்டது இந்தப் பாலத்தருகே. பலர் செத்தார்கள். அதன்பின்தான் கூட்டம் ஊருக்குள் திரும்பி வங்கிகளைக் கொளுத்தியது. ஐந்து ஐரோப்பியர் கொல்லப்பட்டார்கள், அவர்களில் மூவர் வங்கி அலுவலர்கள். டயர் ஜலந்தரிலிருந்து வந்து சேர்ந்தது 11ஆம் தேதி இரவு.

பாலத்தில் இப்போது நின்று பார்க்க எதுவும் இல்லை. வாகன நெரிசலில் நிற்கவும் முடியாது, ஓரமாக நடந்து கடந்துவிடுங்கள். ஹால் கேட், ஹால் பஜார், டவுன் ஹால், பிறகு வண்டிகள் அனுமதியில்லாத ஹெரிடேஜ் தெரு. இந்த வழியில் மனதில் வைக்க வேண்டிய ஒரு எண் 19. கூட்டம் கூடக் கூடாது என்ற உத்தரவை 13ஆம் தேதி முற்பகலில் தண்டோரா போட்டு 19 இடங்களில் படித்தார்கள். வெயில் ஏறியதும் நிறுத்திவிட்டார்கள். பொற்கோயிலைச் சுற்றிய பகுதிக்கு அது போய்ச் சேரவே இல்லை. வைசாகிக்கும் மாட்டுச் சந்தைக்கும் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் தங்கியிருந்ததும் இளைப்பாறியதும் அந்தப் பகுதியில்தான்.

இன்று பாக்கின் வாசல் வரை போய், உள்ளே நுழையாமல் திரும்பிவிடுங்கள். இரவு பொற்கோயிலுக்குப் போகலாம். தலையை மூடத் துணி வேண்டும், செருப்பை விட்டுக் காலைக் கழுவிவிட்டு இறங்க வேண்டும், லங்கர் எனும் பொது உணவுக்கூடத்தில் எந்நேரமும் சாப்பாடு உண்டு.

இரண்டாம் நாள்: பாக்

திறந்தவுடன் போய்விடுங்கள். நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், தங்குமிடத்தில் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இலவசம். பெரிய பைகளைத் தவிர்ப்பது நல்லது. எட்டு மணிக்கு மேல் பொற்கோயில் கூட்டம் இந்தப் பக்கம் திரும்பிவிடும், அப்புறம் நிற்க இடமிருக்காது, நகர்ந்துகொண்டே இருக்க வேண்டிவரும்.

வெளியே உத்தம் சிங்கின் சிலை, உள்ளங்கையில் ஒரு பிடி மண்ணோடு. 2018இல் வைத்தது. பஞ்சாப் துணைநிலை ஆளுநராக இருந்து டயரின் செயலை ஆதரித்த மைக்கேல் ஓ'டுவையரை 1940 மார்ச் 13 அன்று லண்டன் காக்ஸ்டன் மண்டபத்தில் சுட்டவர். பலர் அவர் டயரைச் சுட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெயர் ஒலி தரும் குழப்பம். டயர் 1927இலேயே நோயில் இறந்துவிட்டார்.

இனி சந்து, பாக்குக்குள் நுழையும் வழி. நம் ஊரில் இரண்டு வீட்டுச் சுவருக்கு நடுவே போகும் முடுக்கு இருக்குமே, அந்த மாதிரி. 2021இல் முடிந்த புதுப்பிப்பில் இதன் இரு சுவரிலும் மனித உருவங்களைப் புடைப்புச் சிற்பமாகப் பதித்துவிட்டார்கள்: வைசாகிக்குச் சிரித்துக்கொண்டு வரும் ஆண்கள், பெண்கள், குழந்தைகள். தரையும் புதிது. எல்லோருடைய கண்ணும் கேமராவும் அந்த உருவங்களில்தான் நிற்கும். ஒரு நிமிடம் அவற்றை விட்டுவிட்டுச் சுவருக்குச் சுவர் உள்ள இடைவெளியைப் பாருங்கள். கையை விரித்து நின்று அளந்துகொள்ளுங்கள்.

அந்த இடைவெளிதான் இங்கே மிச்சமிருக்கும் சாட்சியங்களில் முக்கியமானது. டயர் 90 வீரர்களோடு வந்தார். 50 பேரிடம் துப்பாக்கி, 40 கூர்க்காக்களிடம் குக்ரி கத்தி மட்டும். கூடவே இயந்திரத் துப்பாக்கி பொருத்திய இரண்டு கவச வண்டிகள். சந்துக்குள் வண்டிகள் நுழையவில்லை, வெளியே நிறுத்திவிட்டார்கள். நுழைந்திருந்தால் இயந்திரத் துப்பாக்கியையும் பயன்படுத்தியிருப்பீர்களா என்று அரசாங்கம் அமைத்த ஹண்டர் விசாரணைக் குழுவின் முன் கேட்டபோது, அநேகமாக ஆம் என்றார். அன்று செத்தவர்களின் எண்ணிக்கை எத்தனை மடங்கு ஆகியிருக்கும் என்பது இந்தச் சில அடி அகலத்தில் நின்றது. இந்த ஒரு விஷயத்துக்காகவே சந்தை வெறும் சந்தாக விட்டிருக்க வேண்டும். சிற்பங்கள் மோசமான கைவேலை என்று நாங்கள் சொல்லவில்லை. செய்தவர்களின் நோக்கத்தையும் குறை சொல்லவில்லை. சாட்சி சொல்லும் சுவரின் மேல் வேறொரு கதையை ஒட்டிவிட்டால், வருகிறவர் ஒட்டியதை மட்டும் பார்த்துவிட்டுப் போவார். அதுதான் எங்கள் வருத்தம்.

சந்து முடியும் இடத்தில் நின்றுவிடுங்கள். அவசரப்பட்டு முன்னால் தெரியும் தூணை நோக்கிப் போகாதீர்கள். அன்று இந்த இடம் உள்ளே இருந்த தரையைவிட உயர்ந்த மேடு. சந்திலிருந்து வெளிப்பட்டதும் 25 பேரை வலப்புறமும் 25 பேரை இடப்புறமும் நிறுத்தினார் டயர். எச்சரிக்கை எதுவும் இல்லை. உடனே சுட உத்தரவு.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். "இந்தச் சந்து வழியாகத்தான் மக்கள் ஓடித் தப்பப் பார்த்தார்கள்" என்று வழிகாட்டிகள் சிலரே சொல்வதைக் கேட்கலாம். இந்த வழியை அடைத்துக்கொண்டு நின்றது படை. மக்கள் ஓடியது எதிர்த்திசையில். அங்கே வீடுகளின் பின்சுவர்கள், அவற்றுக்கு நடுவே இன்னும் குறுகிய ஓரிரு முடுக்குகள். அந்த வழிகளின் வாயில் நெருக்கியடித்த கூட்டத்தைக் குறிவைத்துத்தான் சுட்டார்கள். துளை விழுந்த சுவர்கள் நுழைவாயிலிலிருந்து தள்ளி இருப்பதன் காரணம் இதுதான்.

மனதில் இருப்பதை அழித்து வரைய வேண்டிய இன்னொன்று, தோட்டம். பாக் என்றால் தோட்டம்தான், ஆனால் 1919இல் இது சுற்றிலும் வீடுகள் எழும்பிய, குப்பை கொட்டும் ஆறரை ஏக்கர் மேடுபள்ளத் தரிசு. ஒரு கிணறு, ஒரு சமாதி, மூன்று மரம். ஜல்லா என்ற ஊரிலிருந்து வந்த குடும்பத்தின் சொத்து என்பதால் ஜாலியன்வாலா. இப்போதுள்ள புல்வெளி, பூச்செடி, அகலமான நடைபாதை எதுவும் அன்று கிடையாது. பூச்செடிகளுக்கு நடுவே நின்று ஒளிந்துகொள்ள இடம் இருந்ததாகத் தோன்றினால், அது இன்றைய பூங்கா தரும் மயக்கம். வெட்டவெளியில் 10,000 முதல் 20,000 பேர் இருந்தார்கள் என்பது ஹண்டர் குழுவின் மதிப்பீடு.

சுட்ட குண்டுகள் 1,650. சுட்டு முடித்தபின் எண்ணிய கணக்கு இது. ஐம்பது பேருக்கு வகுத்தால் ஆளுக்கு 33. ஒவ்வொரு குண்டுக்கும் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளிச் சுட வேண்டிய துப்பாக்கி, பெட்டியில் பத்துக் குண்டு கொள்ளும். அப்படியானால் ஒவ்வொரு வீரனும் குறைந்தது மூன்று முறை நிறுத்தி, குண்டு நிரப்பி, மறுபடி குறிபார்த்திருக்கிறான். பத்து நிமிடம் போல நீடித்தது. கைமீறிப் போய்ச் சுட்டுவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். குண்டு தீரும் நிலை வந்ததும்தான் நிறுத்தினார்கள்.

இனி சுவருக்கு வாருங்கள். 36 துளைகள் உள்ள சுவர் என்று பலகை சொல்லும். ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளைக் கோட்டில் ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். கட்டம் இல்லாவிட்டால் பாதிப்பேர் கடந்து போய்விடுவார்கள், அவ்வளவு பழைய, உப்புப் பூத்த செங்கல். கிட்டப் போய்ப் பாருங்கள். நானக்ஷாஹி செங்கல் என்பது இதைத்தான்: நாம் பார்த்துப் பழகிய செங்கல்லில் பாதிக் கனம்கூட இராது, மெல்லிய தகடு போல அடுக்கடுக்காக. நடுவே சுண்ணாம்பும் சுர்க்கி எனும் செங்கல் தூளும் சேர்ந்த சாந்து. குண்டு பட்ட இடத்தில் செங்கல் முகம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து, கிண்ணம் போன்ற ஒரு குழி. அதன் அடியில் நிறம் சற்று அடர்ந்த சிவப்பு. எந்த உயரத்தில் இருக்கின்றன என்று கவனியுங்கள். தலைக்கு மேல் உள்ளவை கண்ணில் பட்டதும், சுவரேறித் தப்ப முயன்றவர்கள் இருந்த உயரம் எது என்று தானாகவே புரியும்.

கையை வைக்காதீர்கள். இந்தச் சுவரின் முதல் எதிரி விரல். பல தலைமுறையாக வருகிறவர்கள் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் துளி சுண்ணாம்புத் தூள் உதிரும்; விளிம்பு மழுங்கும்; குண்டுத் துளைக்கும் சாதாரணச் சிதைவுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். இரண்டாவது எதிரி சிமெண்ட். பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கும், வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினாலோ இணைப்பில் சிமெண்ட் அடைத்தாலோ ஈரம் வெளியேற வழியின்றி மெல்லிய செங்கல்லின் வழியாகவே வெளிவரும், கூடவே உப்பும் வரும், செங்கல் முகம் பொரிந்து விழும். சுவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு துளையையே இழந்துவிடலாம். இந்த வகைச் சுவரில் எந்த வேலைக்கும் முன் ஒவ்வொரு துளையின் இடம், அகலம், ஆழம், தரையிலிருந்து உயரம் அளந்து வரைபடமாக்க வேண்டும். அடைப்பதற்குச் சுண்ணாம்புச் சாந்துதான், அதுவும் துளையைத் தொடாமல். புதிதாகச் சேர்த்த செங்கல் பார்த்தவுடன் புதிது என்று தெரிய வேண்டும். பழசு போலவே நிறம் தீட்டி வைத்தால் நாளைக்கு வருகிற ஆய்வாளர் எதை நம்புவார்?

கிணறு அடுத்தது. தியாகிகள் கிணறு என்று பெயர். பலகையின்படி இதிலிருந்து 120 உடல்கள் எடுக்கப்பட்டன. குதித்தவர்கள் உண்டு, நெரிசலில் விழுந்தவர்கள் உண்டு. புதுப்பிப்பில் மேலே புதிய கட்டுமானம் எழுப்பி, கண்ணாடி வைத்து மூடியிருக்கிறார்கள். பாதுகாப்புக்குத் தேவைதான். ஆனால் வெயில் ஏறினால் கண்ணாடியில் உங்கள் முகமும் வானமும்தான் தெரியும். காலையிலேயே போவதற்கு இதுவும் ஒரு காரணம். நெற்றியைக் கண்ணாடியருகே கொண்டுபோய் இரு கையாலும் ஒளியை மறைத்தால் உள்சுவர் தெரியும். காசு போடும் பழக்கம் இங்கே வேண்டாம். ஆற்றைக் கடக்கும்போது போடுவதுபோல பலர் போடுகிறார்கள், பக்தியோடுதான் போடுகிறார்கள். இது மனிதர்கள் மூச்சுமுட்டிச் செத்த இடம்.

நடுவில் நிற்கும் சிவப்புக் கல் தூண் சுதந்திரச் சுடர். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பெஞ்சமின் போல்க் வடிவமைத்தது. 1961 ஏப்ரல் 13 அன்று குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் திறந்துவைத்தார். நான்கு பக்கமும் இந்தி, பஞ்சாபி, உருது, ஆங்கிலத்தில் தியாகிகளின் நினைவாக என்று ஒரே வரி, தேதி. விளக்கம் இல்லை, அடைமொழி இல்லை. நல்ல நினைவுச் சின்னம் இவ்வளவு குறைவாகப் பேசினால் போதும் என்பது எங்கள் எண்ணம்.

காட்சிக்கூடங்கள் நான்கு, பயன்படாமல் கிடந்த கட்டடங்களை மாற்றி அமைத்தவை. புதுப்பிப்பில் மனமாரப் பாராட்ட வேண்டியது இதைத்தான். புதிதாக ஒன்றைக் கட்டாமல் இருந்ததைப் பயன்படுத்தினார்கள். அவசரமில்லாமல் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மூன்றாம் நாள்: எண்ணிக்கையும் தவழ்ந்த தெருவும்

நேற்று எழுதியதில் செத்தவர்களின் எண்ணிக்கையை வேண்டுமென்றே விட்டிருந்தோம். ஒரு வரியில் சொல்லக்கூடியதல்ல அது. அரசாங்கக் கணக்கு 379: ஆண்கள் 337, சிறுவர்கள் 41, ஆறு வாரக் குழந்தை ஒன்று. காங்கிரஸ் விசாரணை சொன்னது சுமார் 1,000. இரண்டுக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி விழுந்ததற்குக் காரணங்கள் உண்டு.

அன்று இரவு எட்டு மணிக்கு ஊரடங்கு. துப்பாக்கிச் சூடு நின்றது மாலை ஐந்தரை வாக்கில். உறவினர்களுக்குக் கிடைத்தது இரண்டரை மணி நேரம். முடிந்தவர்கள் உடலைத் தூக்கிக்கொண்டு போனார்கள், வெளியூர்க்காரர்கள் கிராமத்துக்கே கொண்டுபோனார்கள். மற்றவர்கள் அங்கேயே கிடந்தார்கள். படை ஒருவருக்கும் முதலுதவி செய்யவில்லை. அது என் வேலை இல்லை, மருத்துவமனைகள் திறந்திருந்தன என்ற பொருளில் டயர் பின்னால் பதில் சொன்னார். ரத்தன் தேவி என்ற பெண் கணவனின் உடலருகே இரவு முழுதும் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு மூங்கில் கம்பு, நாய்களை விரட்ட. அவருடைய வாக்குமூலம் காங்கிரஸ் விசாரணைப் பதிவில் இருக்கிறது. அடுத்த இரண்டு நாளில் ராணுவச் சட்டம் வந்தது, ஜூன் வரை நீடித்தது. அந்தக் கூட்டத்தில் எங்கள் ஆள் இருந்தார் என்று சொன்னாலே சிறை என்ற பயத்தில் யார் போய்ப் பெயர் கொடுப்பார்கள்? அரசாங்கம் பெயர் கேட்கத் தொடங்கியதே மாதங்கள் கழித்து. ஆகவே 379 என்பது பெயர் தெரிந்தவர்களின் எண்ணிக்கை. அதை "இறந்தவர்கள் 379 பேர்" என்று முடிந்த கணக்காக எழுதுவது சரியல்ல.

காலையில் தவழ்ந்த தெருவுக்குப் போகலாம். கூச்சா கௌரியாவாலா என்று கேளுங்கள். கூச்சா என்றால் குடியிருப்புகள் நெருக்கமாக அமைந்த சிறு சந்து. கட்ரா என்றால் வணிகப் பேட்டை. பழைய நகரத்தில் வழி கேட்க இந்த இரண்டு சொல் போதும். ஏப்ரல் 10 கலவரத்தில் மார்செல்லா ஷெர்வுட் என்ற மிஷன் பள்ளி அதிகாரியை ஒரு கும்பல் இங்கே அடித்துப் போட்டது. அவரைத் தூக்கிக் காப்பாற்றியவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான். டயர் தண்டித்தது தெருவில் குடியிருந்த எல்லோரையும். ஏப்ரல் 19 முதல் சில நாள், தெருவைக் கடக்கிற எந்த இந்தியரும் வயிறு தரையில் தேய ஊர்ந்துதான் போக வேண்டும். நடுவில் கசையடிக் கம்பம்.

தெருவின் நீளம் சுமார் 150 கஜம். முழுவதும் மெதுவாக நடந்து பாருங்கள். வீட்டு வாசல்களைக் கவனித்தால் உத்தரவின் கொடுமை விளங்கும். இந்த வகை வீடுகளுக்குப் பின்வாசல் கிடையாது. தெரு வழியே வராமல் தண்ணீர் கொண்டுவர முடியாது, வைத்தியரைக் கூப்பிட முடியாது, கழிவு அள்ள ஆள் வரமாட்டார். ஊர மாட்டோம் என்றவர்கள் மொட்டைமாடிக்கு மாடி தாவினார்கள். இன்றும் இங்கே குடும்பங்கள் குடியிருக்கின்றன. கூட்டமாகப் போகாதீர்கள், வாசலில் நிற்கிறவர்களைப் படமெடுக்காதீர்கள், யாரும் தரையில் படுத்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அங்கிருந்து டவுன் ஹால். ஏப்ரல் 10 அன்று எரிந்த கட்டடங்களில் ஒன்று. 2017 முதல் இதில் பிரிவினை அருங்காட்சியகம் இயங்குகிறது. திங்கள் விடுமுறை, நுழைவுச் சீட்டு உண்டு. மூன்று மணி நேரமாவது வேண்டும். இங்கே பெரிய சிற்பங்களோ ஒளிக்காட்சியோ முக்கியமில்லை. எல்லை தாண்டி வந்தவர்கள் கையில் கொண்டுவந்த பொருள்கள்தான் பேசுகின்றன. ஒரு பூல்காரி வேலைப்பாடு செய்த மேலங்கியும் ஒரு தோல் கைப்பெட்டியும் அருகருகே இருக்கும். பிரிவினைக்கு முன் நிச்சயிக்கப்பட்ட ஒரு பெண்ணும் பையனும் தனித்தனியே ஓடிவந்து, அமிர்தசரஸ் அகதி முகாமில் உணவு வரிசையில் சந்தித்துக்கொண்டார்கள். அங்கி அவளுடையது, பெட்டி அவனுடையது. நினைவைப் பாதுகாக்க எவ்வளவு செலவாகும் என்று கேட்கிறவர்களை இந்தப் பெட்டியின் முன் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

பஞ்சாபுக்கு வெளியே இந்தப் படுகொலை எப்படி எதிரொலித்தது என்பதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு, நம்மவர்கள் அதிகம் பேசாதது. வைசிராயின் நிர்வாகக் குழுவில் அப்போது இருந்த ஒரே இந்தியர் சர் சி. சங்கரன் நாயர். பாலக்காட்டுப் பக்கம் பிறந்து, சென்னையில் அட்வகேட் ஜெனரலாகவும் பிறகு உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்தவர். பஞ்சாபில் ராணுவச் சட்டத்தை எதிர்த்து 1919 ஜூலையில் பதவியைத் துறந்தார். பிறகு ஒரு நூலில் ஓ'டுவையரைப் பழித்து எழுதியதற்காக லண்டனில் அவதூறு வழக்கு வந்தது. ஐந்து வாரம் நடந்து 1924இல் பதினொன்றுக்கு ஒன்று என்று ஜூரி அவருக்கு எதிராகச் சொன்னது. 500 பவுண்டு நஷ்ட ஈடு, செலவு தனி. மன்னிப்புக் கேட்டால் தொகையை விட்டுவிடுகிறோம் என்றார்கள். அவர் கேட்கவில்லை.

மாலையில் பாக்கில் ஒலி ஒளிக் காட்சி உண்டு. முதல் முறை வருகிறவர்கள், குறிப்பாகப் பிள்ளைகளோடு வருகிறவர்கள், பார்க்கலாம். காலையில் சுவரைப் பார்க்காமல் இதை மட்டும் பார்ப்பதானால் வேண்டாம்.

நான்காம் நாள்: இடம் எப்படி நிலைத்தது

ரயில் மாலையில் என்றால் காலையில் இன்னொரு முறை பாக்குக்குப் போகலாம். இந்த முறை 1919ஐ விட்டுவிட்டு, அதன் பிறகு இடத்துக்கு என்ன ஆயிற்று என்பதைப் பாருங்கள்.

படுகொலை நடந்த அதே ஆண்டு டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு அமிர்தசரஸிலேயே நடந்தது, தலைமை மோதிலால் நேரு. நினைவிடம் அமைக்கும் பணி அங்கிருந்து தொடங்கியது. 1920இல் அறக்கட்டளை அமைந்தது. தனியார் நிலம் என்பதால் வாங்கியாக வேண்டும். விலை ஐந்தரை லட்சம் ரூபாய்க்கும் மேல். அந்தக் காலத்து மதிப்பில் அது எவ்வளவு பெரிய தொகை! காங்கிரஸ் தலைவர் மதன் மோகன் மாளவியாவும் காந்தியும் கேட்க, நாடு முழுவதும் மக்கள் நன்கொடை தந்தார்கள். ஆட்சியில் இருந்தது சுட்டவர்களின் அரசாங்கம். அதன் கண்முன்னே மக்கள் காசு போட்டு இந்த மண்ணை வாங்கினார்கள். அன்று வாங்காமல் விட்டிருந்தால் சுற்றியுள்ள வீடுகளும் கடைகளும் உள்ளே நகர்ந்து, இரண்டு தலைமுறையில் இடமே இருந்திருக்காது. பழைய நகரத்தின் நெருக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் சந்தேகம் வராது.

பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்றவர் ஷஷ்டி சரண் முகர்ஜி. அன்று கூட்டத்தில் இருந்து உயிர் பிழைத்த வங்காளி. அவர் குடும்பமே தலைமுறை தலைமுறையாக இந்த இடத்தைக் காத்துவந்தது. நினைவிடத்துக்கான சட்டம் 1951இல் வந்தது, தூண் 1961இல். நிலம் வாங்கியதற்கும் தூண் எழுந்ததற்கும் நடுவே நாற்பது ஆண்டு. அந்த நாற்பது ஆண்டும் இடத்தை இடமாக வைத்திருந்ததே பெரிய வேலை.

2021 ஆகஸ்ட் 28 அன்று பிரதமர் திறந்துவைத்த புதுப்பிப்பைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் பலர் கடுமையாக எழுதினார்கள். படுகொலையைப் பற்றி விரிவாக ஆராய்ந்த கிம் வாக்னர், நிகழ்வின் கடைசித் தடயங்களும் அழிக்கப்பட்டதாக வருந்தினார். நாங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை. சுவர் இருக்கிறது, கிணறு இருக்கிறது, தரையின் பரப்பு இருக்கிறது. பழுது பார்க்க வேண்டிய நிலையில்தான் பல பகுதிகள் இருந்தன என்பதும் உண்மை. ஆனால் சந்தில் செய்ததை மட்டும் திரும்பப் பெற வேண்டும் என்று சொல்கிறோம். சிற்பங்களைக் கழற்றிக் காட்சிக்கூடத்திலோ வெளித் தெருவிலோ வைக்கலாம், அங்கே அவற்றுக்கு மதிப்பும் கூடும். சந்தில் ஒரு சின்னப் பலகை போதும்: வண்டிகள் இங்கே நின்றன, அகலம் இவ்வளவு.

கிளம்பும் முன் ஒரு தகவல். இப்போது நுழையும் வழி வேறு, வெளியேறும் வழி வேறு. முன்பெல்லாம் வந்த சந்து வழியாகவே திரும்பலாம், திரும்பும்போதுதான் பலருக்கு அதன் குறுகல் உறைக்கும். சந்தை மறுபடி பார்க்க வேண்டுமானால் வெளியே வந்து, ஹெரிடேஜ் தெரு வழியாகச் சுற்றி, முன்வாசலுக்கு வந்து இன்னொரு முறை நுழையுங்கள். இலவசம்தான், எத்தனை முறை போனாலும் யாரும் தடுக்கமாட்டார்கள். ரயில் நிலையம் அங்கிருந்து சுமார் 2 கிலோமீட்டர். ஹெரிடேஜ் தெரு முனையிலேயே மின் ரிக்‌ஷா கிடைக்கும்.